ஆகஸ்ட் 1-க்குள் பெயர் ஏறட்டும்: மாநகராட்சி நடுநிலைப் பள்ளியில் சேர்க்கை

தமிழ்நாட்டு நகரங்களில் தெருவுக்குள் அடங்கிய சின்ன மாநகராட்சி நடுநிலைப் பள்ளிகளைப் பார்த்திருப்பீர்கள். ஒன்று முதல் எட்டு வரை வகுப்புகள், மொத்தமே நூறு, நூற்றைம்பது பிள்ளைகள். அங்கே எத்தனை ஆசிரியர்கள் இருக்கலாம் என்பது ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 1 நிலவரப்படி உள்ள மாணவர் எண்ணிக்கையை வைத்தே நிர்ணயிக்கப்படுகிறது. பிள்ளை தினமும் வகுப்புக்கு வந்தாலும், எமிஸ் (EMIS) எனப்படும் கல்வித் துறையின் இணையவழி மாணவர் பதிவில் பெயர் இல்லாவிட்டால் அந்தக் கணக்கில் சேராது.

2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை இதற்கான அளவைச் சொல்கிறது. ஐந்தாம் வகுப்பு வரை 60 பிள்ளைகள் என்றால் 2 ஆசிரியர்கள், 61 முதல் 90 வரை 3, 91 முதல் 120 வரை 4. அதாவது 60 பேர் இருக்கும் பள்ளியில் ஐந்து வகுப்புகளையும் இரண்டே பேர் கவனிக்க வேண்டும். இன்னும் ஒரே ஒரு பிள்ளை சேர்ந்தால் மூன்றாவது ஆசிரியரைக் கேட்க உரிமை வந்துவிடும். ஆறு முதல் எட்டு வரை வகுப்புக்கு ஒருவராவது வேண்டும். 35 பேருக்கு ஓர் ஆசிரியர் என்ற விகிதமும் உண்டு. இந்த வகுப்புகளில் 100 பேரைத் தாண்டினால் முழுநேரத் தலைமை ஆசிரியர், ஓவியத்துக்கும் உடற்கல்விக்கும் பகுதிநேரப் பயிற்றுநர்கள். எண்ணிக்கை குறைந்தால் உபரி என்று கணக்கிட்டு, பணி நிரவலில் ஆசிரியரை வேறு பள்ளிக்கு மாற்றிவிடுவார்கள். சின்னப் பள்ளிக்கு அது பெரிய இழப்பு.

பெயர் விடுபடுவது பெரும்பாலும் வேலை தேடி இடம் மாறும் குடும்பங்களில்தான். கட்டட வேலைக்கு வந்த ஒடிசா, பீகார் குடும்பங்களும் சரி, வாடகை கட்டுப்படியாகாமல் பேட்டை மாறும் நம்மூர்க் குடும்பங்களும் சரி, "சான்றிதழ் இல்லையே" என்று தயங்கி நின்றுவிடுகிறார்கள். தயங்கத் தேவையே இல்லை. வயதுச் சான்று இல்லை என்று சேர்க்கையை மறுக்கக் கூடாது. ஆண்டின் நடுவில் வந்தாலும் சேர்த்துக்கொள்ள வேண்டும், வயதுக்கேற்ற வகுப்பில். ஆதார் இல்லை என்பதும் காரணம் ஆகாது.

மாற்றுச் சான்றிதழ் தாமதமானாலும் அதைக் காட்டித் திருப்பி அனுப்பக் கூடாது. கட்டணப் பாக்கிக்காக அதைப் பிடித்து வைக்கக் கூடாது என்று 2024-இல் சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. ஒன்றை மட்டும் விடாமல் கவனியுங்கள்: பழைய பள்ளி எமிஸில் பிள்ளையை விடுவித்தால்தான் புதிய பள்ளியின் கணக்கில் பெயர் ஏறும். சேர்த்த கையோடு "எமிஸில் ஏறிவிட்டதா?" என்று தலைமை ஆசிரியரைக் கேட்டுவிடுங்கள்.

பெயரோடு பாலினம், சமூகப் பிரிவு, தாய்மொழி, மாற்றுத்திறன் போன்ற விவரங்களும் பதிவாகும். உதவித்தொகைக்கும் சிறப்பாசிரியர் உதவிக்கும் இவைதான் அடிப்படை. சாதி, மதம் குறிப்பிட விருப்பமில்லை என்றால் அந்த இடத்தை வெறுமையாக விடலாம். 1973-லிருந்தே அரசாணை இருக்கிறது. ஆனால் பிரிவு அடிப்படையிலான சலுகைகள் அப்போது கிடைக்காது, யோசித்துச் செய்யுங்கள்.

அப்புறம் ஆறாம் வகுப்பு. பல பெற்றோர் ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் தனியார் பள்ளிக்கு மாற்றிவிடுகிறார்கள். மருத்துவம், பொறியியல் போன்ற படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத இடஒதுக்கீட்டுக்கு ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கல்லூரிக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களிலும் இதே ஆண்டுகளைத்தான் பார்க்கிறார்கள். பதினொரு வயதில் எடுக்கும் முடிவு பதினெட்டு வயதில் பலன் தரும் என்பதை யாராவது அந்தப் பெற்றோரிடம் உட்கார்ந்து பேச வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்தான். ஜூன் மாதத்திலேயே அவர்கள் வீடு வீடாகப் போகலாம்.

சேர்க்கையை மறுத்தால் பள்ளிக் கல்வித் துறையின் 14417 உதவி எண்ணில் புகார் சொல்லலாம்.