ஞாயிறு சமையலில் காய்கறி முதலில் அடுப்பேறட்டும்

கோலாலம்பூரில் என்னிடம் உணவு ஆலோசனைக்கு வருகிறவர்களை ஒரு வாரம் சாப்பிட்டதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிவரச் சொல்வேன். திங்கள் முதல் வெள்ளி வரையிலான பக்கங்கள் எல்லாருக்கும் கிட்டத்தட்ட ஒன்றுபோலத்தான் இருக்கும்: காலையில் மாமாக் கடை ரொட்டி சானாய், மதியம் வேலையிடத்துக்குப் பக்கத்தில் சோறு, இரவு பொட்டலம் கட்டி வாங்கிய மீ கோரேங். நெரிசலில் மாட்டி எட்டு மணிக்கு வீடு சேருகிறவர்களை இதற்காக நான் குறை சொல்வதில்லை. நான் கூர்ந்து பார்ப்பது சனி, ஞாயிறு பக்கங்களைத்தான். அந்த இரண்டு நாளும் அடுப்பு நம் கையில் இருக்கிறது. எண்ணெயும் உப்பும் நாம் போடுவதுதான். ஆனால் அங்கேதான் காய்கறி இன்னும் குறைந்துபோகிறது. ஆட்டுக்கறிப் பிரட்டல், நண்டுக் குழம்பு, பொரித்த கோழி, கடைசியில் 'கோபிஸ் (முட்டைக்கோஸ்) கொஞ்சம்'.

காய்கறி பிடிக்காதவர்கள் என்று யாரையும் சொல்ல முடியாது. கறி வேக நேரமாகும் என்று அதை முதலில் ஏற்றுகிறோம். மசாலா அரைத்து, இறைச்சி கழுவி, குழம்பைக் கூட்டி முடிப்பதற்குள் பதினொன்றரை ஆகிவிடும். அப்போது ஒரு கட்டு கீரையை ஆய யாருக்கும் பொறுமை இருக்காது. கையில் கிடைக்கும் கோபிஸை நறுக்கி, எண்ணெயைத் தாராளமாக விட்டு, பெரிய தீயில் பிரட்டி இறக்குகிறோம். சுவை இல்லாததால் பிள்ளைகள் தொடுவதில்லை. பிள்ளைகள் தொடாததால் அடுத்த வாரம் இன்னும் கொஞ்சமாகச் செய்கிறோம். வருகிற எல்லாரிடமும் நான் கேட்பது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை காய்கறியை முதலில் முடியுங்கள். இரண்டு வகை, எளிமையாக. அப்புறம் கறியை ஏற்றுங்கள்.

இதை நான் வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. சுகாதார அமைச்சின் 2019ஆம் ஆண்டு தேசிய ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் (நீரிழிவு). இந்தியர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் 31.4 விழுக்காடு, அதாவது பத்தில் மூன்று பேர். அதே ஆய்வில், நூற்றுக்கு 95 பேர் போதிய அளவு காய்கறி, பழம் சாப்பிடுவதில்லை என்றும் தெரியவந்தது. நம் குடும்பங்களில் மாத்திரைப் பெட்டி இல்லாத வீடு எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் போதும்.

தட்டில் எவ்வளவு வேண்டும் என்பதற்கு அமைச்சு சொல்லும் 'சூக்கு சூக்கு செப்பாரோ' முறையைக் கிளினிக் சுவர்களில் பார்த்திருப்பீர்கள். தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ கோழியோ பருப்போ, மீதி அரைத் தட்டு காய்கறியும் பழமும். சமைத்த காய்கறி அரைக் கோப்பை என்றால் ஒரு பரிமாறல். ஒரு நாளைக்குக் குறைந்தது மூன்று பரிமாறல் வேண்டும். ஞாயிறு மதியம் ஒரே வேளையில் இரண்டை முடித்துவிடலாம், இரண்டு வகைக் காய் இருந்தால்.

இதில் எது காய்கறி என்பதில்தான் பெரும்பாலும் கணக்குத் தப்புகிறது. சிந்தூலிலிருந்து வரும் ஒரு அம்மா உறுதியாகச் சொன்னார்.

"நான் காய்கறி நிறைய சாப்பிடுறேம்மா. வாழையிலைச் சாப்பாடுன்னா மூணு வகை வாங்குவேன்."

"என்னென்ன வாங்குவீங்க ஆன்ட்டி?"

"உருளைக்கிழங்கு பிரட்டல், பாகற்காய் பொரிச்சது, அப்புறம் பூசணிக்காய்."

உருளைக்கிழங்கு சோற்றின் கணக்கில் சேரும். மரவள்ளி, சேனை, சர்க்கரைவள்ளி எல்லாம் அப்படியே. கடைப் பாகற்காயை மாவில் பிசறி நிறைய எண்ணெயில் மொறுமொறுப்பாகப் பொரிக்கிறார்கள். அதில் காயைவிட மாவும் எண்ணெயும் அதிகம். ஆக, அவர் சாப்பிட்ட மூன்றில் பூசணிக்காய் ஒன்றுதான் தேறியது, அதிலும் சர்க்கரை போட்டிருப்பார்கள். அவர் பொய் சொல்லவில்லை. நம் எல்லாருக்கும் இப்படித்தான் பழகியிருக்கிறது. அடுத்த சந்திப்புக்குள் வீட்டில் பாகற்காயை மெல்லிதாக நறுக்கி, இரண்டு தேக்கரண்டி எண்ணெயில், வெங்காயமும் கொஞ்சம் நெத்திலியும் போட்டு வதக்கச் சொன்னேன். நெத்திலியிலேயே உப்பு இருப்பதால் தனி உப்பு வேண்டாம் என்றேன். இப்போது கடைப் பாகற்காய் தனக்கு எண்ணெய் நாற்றமடிக்கிறது என்கிறார்.

இனி கீரை. நம் பசார்களில் கிடைக்கும் அளவுக்குக் கீரை வகை கிடைப்பது பெரிய வரம். சௌக்கிட், பூடு பசாருக்குக் காலையில் போனால் பச்சைக் கீரை, சிவப்புக் கீரை, கங்கோங், சாவி, வல்லாரை என்று குவிந்து கிடக்கும். தாமான் வீடுகளின் பின்பக்கத்தில் முருங்கை சும்மா நிற்கும்; பக்கத்து வீட்டில் கேட்டாலே ஒடித்துக் கொடுப்பார்கள். முருங்கைக்கீரையை ஆய்வதுதான் சலிப்பு என்றால், சனிக்கிழமை இரவே கொத்துகளைத் துணியில் இறுகச் சுற்றி வைத்துவிடுங்கள். காலையில் உதறினால் பெரும்பாலான இலைகள் தாமாக உதிர்ந்துவிடும். மிச்சமிருக்கும் காம்புகளை மட்டும் பொறுக்கினால் போதும்.

கீரையை முழுசாகக் கழுவிய பிறகே நறுக்குங்கள். நறுக்கிவிட்டுத் தண்ணீரில் ஊறப்போட்டால் வைட்டமின் சி கரைந்து தண்ணீரோடு போய்விடும். ஓடும் குழாய்த் தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசினால் மண்ணும், மேலே படிந்த பூச்சிமருந்தில் ஒரு பகுதியும் போகும்.

சட்டி காய்ந்ததும் இரண்டு தேக்கரண்டி எண்ணெய், கடுகு, காய்ந்த மிளகாய், நான்கு பல் பூண்டு தட்டிப் போட்டு, நீளவாக்கில் அரிந்த சின்ன வெங்காயம். அது கண்ணாடி மாதிரி ஆனதும் கீரை. முருங்கைக்கீரை என்றால் ஒரு கை தண்ணீர் தெளியுங்கள். பச்சைக் கீரைக்கு அதன் தண்ணீரே போதும். மூட வேண்டாம், திறந்தே வைத்தால் நிறம் பச்சையாக நிற்கும். உப்பு போடும் நேரத்தை இங்கே கவனியுங்கள். ஒரு கட்டு கீரை சட்டிக்கு மேலே குவிந்து நிற்கும்போது கண்ணளவில் உப்புப் போட்டால், அது வதங்கி ஒரு கிண்ணமாகச் சுருங்கிய பிறகு வாயில் வைக்க முடியாது. சுருங்கி முடிந்ததும் கடைசி ஒரு நிமிடத்தில் ஒரு சிட்டிகை போடுங்கள். முன்னால் போட்டதில் பாதிதான் செல்லும். அரைவேக்காடாக வேகவைத்த பாசிப்பருப்பு ஒரு பிடியும், துருவிய தேங்காய் இரண்டு மேசைக்கரண்டியும் சேர்த்துக் கிளறி, அடுப்பை அணைத்த பிறகு எலுமிச்சம்பழம் பாதி பிழியுங்கள். அந்தப் புளிப்பு இருந்தால் உப்புக் குறைவு நாக்குக்குத் தெரியாது. கீரையின் இரும்புச் சத்து உடலில் சேரவும் அது உதவும். சாப்பிட்ட கையோடு தே தாரே குடிப்பதை மட்டும் ஒரு மணி நேரம் தள்ளிவையுங்கள். தேயிலை இரும்பை உறிஞ்ச விடாது.

கீரை பற்றிப் பேசும்போது ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பசாரில் சாயூர் மானிஸ் என்று விற்கும் கீரையை முட்டை சேர்த்து வதக்கியோ, சொதி வைத்தோ சாப்பிடுவது இங்கே காலகாலமாக உள்ள வழக்கம், தாராளமாகச் சாப்பிடுங்கள். அதையே பச்சையாகச் சாறு பிழிந்து குடிக்காதீர்கள். 1990களில் தைவானில் உடல் இளைக்க என்று இதைப் பச்சைச் சாறாகத் தொடர்ந்து குடித்த பலருக்கு நுரையீரல் மீள முடியாத அளவுக்குச் சேதமானது மருத்துவப் பதிவுகளில் இருக்கிறது. கைப்பேசியில் சுற்றும் 'மூலிகைச் சாறு' குறிப்புகளை நம்பி எந்தக் கீரையையும் தினமும் டம்ளர் கணக்கில் குடிக்காதீர்கள்.

கத்தரிக்காய் எண்ணெய் குடிக்கும் காய். உள்ளே காற்றறைகள் நிறைந்த சதை என்பதால் எவ்வளவு ஊற்றினாலும் இழுத்துக்கொள்ளும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. நான்கு கரண்டி ஊற்றிவிட்டு 'கத்தரிக்காய்தானே சாப்பிட்டேன்' என்று சொல்வதில் பயனில்லை. நீளத் துண்டுகளாக அரிந்து இட்லிப் பானையில் ஏழெட்டு நிமிடம் ஆவியில் வையுங்கள். வெந்த காய்க்குள் எண்ணெய் அவ்வளவாக ஏறாது. அப்புறம் வெங்காயம், மிளகாய்த்தூள், கொஞ்சம் புளித்தண்ணீர் சேர்த்து இரண்டு தேக்கரண்டி எண்ணெயில் பிரட்டினால் போதும். வெண்டைக்காயைக் கழுவித் துணியால் ஈரம் போகத் துடைத்து, அப்புறம் நறுக்கி, அகலமான சட்டியில் மூடாமல் வதக்கினால் கொழகொழப்பு இருக்காது. எண்ணெயும் குறைவாகவே பிடிக்கும். பயற்றங்காய்க்குச் சொல்லித்தர ஒன்றுமில்லை. பொடியாக நறுக்கி, கடுகு தாளித்து, மூடி வேகவைத்து, தேங்காய் தூவி இறக்குங்கள்.

அடுப்பே வேண்டாத வகைகளும் இருக்கின்றன. வெள்ளரிக்காயும் அன்னாசியும் பொடியாக நறுக்கி, வெங்காயம், பச்சை மிளகாய், தயிர் சேர்த்த பச்சடி ஆட்டுக்கறிக்கு நல்ல ஜோடி. அன்னாசி கொஞ்சமாக, வெள்ளரி நிறைய. கச்சாங் போத்தோல் (சிறகவரை), வல்லாரை, ஊலாம் ராஜா போன்ற பச்சை இலை, காய்களை மலாய்க்கார அண்டை வீட்டாரிடமிருந்து நாமும் கற்றுக்கொள்ளலாம். தொட்டுக்கொள்ளும் சம்பல் பிளாச்சான் மட்டும் உப்பு மிகுந்தது, ஒரு தேக்கரண்டியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

உப்பைப் பற்றி இன்னொன்று. உலகச் சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு என்கிறது, தலை தட்டிய ஒரு தேக்கரண்டி அளவு. காய்கறியில் சுவைக்காகப் போடும் கோழிக் கட்டியில் ஏறக்குறைய பாதி உப்புதான். சிப்பி சாஸ், சோயா சாஸிலும் உப்பு அதிகம். கட்டி போட்ட அன்று உப்பு டப்பாவைத் திறக்காதீர்கள். கட்டியே இல்லாமல் பூண்டு, சீரகம், எலுமிச்சையில் சுவை கொண்டுவர முடிந்தால் இன்னும் நல்லது.

எல்லாவற்றையும் ஞாயிறு காலையிலேயே செய்யத் தேவையில்லை. பசாருக்குப் போவது சனிக்கிழமை என்றால், அன்று மாலை தொலைக்காட்சி பார்த்தபடியே பயற்றங்காய், கேரட் நறுக்கி மூடிய டப்பாவில் குளிர்பெட்டியில் வைத்துவிடலாம். கீரையைக் கழுவாமல் தாளில் சுற்றி வையுங்கள். ஆய்வது, உரிப்பது, வெள்ளரி நறுக்குவது எல்லாம் அப்பாவும் பிள்ளைகளும் செய்யக்கூடிய வேலை. தானே உருவிய முருங்கை இலையைத் தட்டில் பார்க்கும் பிள்ளை ஒரு வாயாவது வைக்கும். வருகிற குடும்பங்களில் இதைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். தேங்காய் சேர்த்த காயை நம் வெயிலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் மேசையில் விடாதீர்கள், கெட்டுப்போகும். மிச்சத்தைக் குளிர்பெட்டிக்கு மாற்றுங்கள்.

காய்கறி முதலில் தயாராகிவிட்டால் இன்னொரு வசதியும் உண்டு. கறி வெந்துகொண்டிருக்கும்போதே ஒரு சின்னக் கிண்ணத்தில் போட்டுப் பரிமாறிவிடலாம். சோற்றுக்கு முன்னால் காய்கறியும் புரதமும் சாப்பிடுகிறவர்களுக்குச் சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை ஏற்றம் குறைவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பசியோடு இருக்கும் பிள்ளைகளும் அப்போது மறுக்காமல் சாப்பிடுவார்கள்.

இந்த ஆலோசனை எல்லாருக்கும் அப்படியே பொருந்தாது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் டயாலிசிஸ் செய்பவர்களுக்கும் பொட்டாசியம் கணக்கு உண்டு. அவர்கள் கீரையை நிறைய தண்ணீரில் வேகவைத்துத் தண்ணீரை வடித்துவிட வேண்டியிருக்கும், அளவையும் உங்கள் மருத்துவமனை உணவியல் நிபுணரிடம் கேட்டே முடிவுசெய்யுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் கீரையை நிறுத்த வேண்டாம். ஒரு வாரம் மலையாகவும் அடுத்த வாரம் சுத்தமாக இல்லாமலும் சாப்பிடாமல் ஒரே அளவில் வைத்துக்கொண்டால் போதும். இன்சுலினோ, சர்க்கரையைச் சட்டென்று இறக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் சோற்றைத் திடீரென்று பாதியாகக் குறைத்தால் சர்க்கரை மிகவும் தாழ்ந்துவிடலாம். மருத்துவரிடம் சொல்லிவிட்டுக் குறையுங்கள். பாகற்காய் சாப்பிடுகிறோமே என்று மாத்திரையை நிறுத்துவது ஆபத்து.

வீட்டில் சர்க்கரை பார்க்கும் கருவி இருந்தால், வரும் ஞாயிறு மதியம் வழக்கமான சாப்பாட்டைத் தொடங்கி இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவை பாருங்கள். அதற்கடுத்த ஞாயிறு அதே கறி, அரைத் தட்டு காய்கறி, கால் தட்டுச் சோறு என்று சாப்பிட்டு மறுபடியும் பாருங்கள். இரண்டு சர்க்கரை அளவையும் தட்டில் இருந்ததையும் ஒரு தாளில் எழுதி, அடுத்த முறை கிளினிக்குக்கு வரும்போது மறக்காமல் கொண்டுவாருங்கள்.