ரூட் கெனால்: வேர்க்கால்வாயா, வேர்க்குழலா?

'எனக்கு ரூட் கெனால் பண்ணியாச்சு' என்கிறோம். கேட்டால் சிகிச்சையின் பெயர் போலத்தான் இருக்கிறது. ஆனால் ரூட் கெனால் என்பது பல்லின் வேருக்குள் இருக்கும் இடுக்கு வழி. நல்ல பல்லிலும் உண்டு. மேல் முன்பல்லில் பெரும்பாலும் ஒன்று, கடைவாய்ப்பல்லில் மூன்று நான்கு இருக்கும். நரம்பும் ரத்தக்குழாயும் அதன் வழியாகத்தான் பல்லுக்குள் ஏறுகின்றன. அவை பரவியிருக்கும் மென்மையான திசுவுக்குப் பற்கூழ் என்று பெயர்.

சொத்தைப் பல்லை அடைத்தால் போதுமா, வேர் வரை போகவேண்டுமா என்பதும் இந்தப் பற்கூழைப் பொறுத்ததே. சொத்தை, பல்லின் வெளிப்பூச்சான பற்சிப்பியையும் (எனாமல்) அதற்கு அடுத்த அடுக்கான டென்டினையும் தாண்டவில்லை என்றால், சுரண்டியெடுத்து அடைத்துவிடலாம். குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுரீர் என்று கூசி, சில நொடியில் அடங்குவது பெரும்பாலும் இந்தக் கட்டம். சூடு பட்டு நெடுநேரம் வலித்தாலோ, நடுராத்திரியில் தானாகவே விண்விண் என்று தெறித்தாலோ, பற்கூழ் மீளாத அளவுக்குக் கெட்டிருக்கலாம். பல நாள் வலி திடீரென நின்றுவிட்டதே என்று மகிழவும் முடியாது. பற்கூழ் செத்திருந்தாலும் வலி நிற்கும். எக்ஸ்ரேயும் பல்லில் குளிர்ச்சி வைத்துப் பார்க்கும் சோதனையும் சேர்ந்துதான் முடிவு சொல்லும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'வேர் சிகிச்சை' என்ற சொல் நன்றாகப் புழங்குகிறது. கேட்டவுடன் வேரையே பிடுங்கப்போகிறார்கள் என்று பயப்படுகிறவர்களும் உண்டு. உள்ளபடி வேர் அப்படியே இருக்கும்; கெட்ட கூழை எடுத்து, வழியைச் சுத்தம் செய்து, ரப்பர் போன்ற ஒரு மரப்பாலால் அடைப்பார்கள். அந்தப் பொருளின் பெயர் கட்டாபெர்ச்சா, மலாய்ச் சொல்.

'வேர்க்கால்வாய்' என்பது கெனாலின் நேர் பெயர்ப்பு. எனக்கு அதைக் கேட்டால் மதகும் கரையும்தான் கண்ணுக்கு வருகின்றன. கெனாலின் மூலம் கனாலிஸ் என்ற லத்தீன் சொல். குழாய், நீர்வழி என்று பொருள். அதற்கும் அடியில் இருப்பது கன்னா, அதாவது நாணல். உள்ளே துளையோடிய தண்டு! அப்படியானால் 'வேர்க்குழல்' என்பது வேருக்குள் இருக்கும் இந்தத் துளையைச் சரியாகப் பிடிக்கிறது. சிகிச்சையைச் சொல்ல 'வேர்க்குழல் சிகிச்சை'.

ஃபில்லிங்குக்கு 'பல் அடைத்தல்' போதும். 'பல் அடைப்பு' என்றால் மாரடைப்பின் தம்பி மாதிரி ஒலிக்கிறது.