கொராலிடோஸ் படத்தை இனியும் அனுப்பாதீர்கள்

கலிபோர்னியாவில் லேசாகத் தரை ஆடினால் போதும், அதே படம் மறுபடியும் வாட்ஸ்அப்பில் கிளம்பிவிடுகிறது. கலிபோர்னியாவின் கொராலிடோஸ் ஊரில் இருந்த காந்தமானியின் (காந்தப்புல மாற்றத்தை அளக்கும் கருவி) கோடு இரண்டு வாரம் உயர்ந்தே இருந்து, கடைசி மூன்று மணி நேரத்தில் விர்ரென்று ஏறுகிறது. 1989 அக்டோபர் 17 மாலை 5.04-க்கு அங்கே லோமா பிரியட்டா நிலநடுக்கம். காந்தக் கோடு முன்கூட்டியே காட்டிக்கொடுத்தது என்பதுதான் படம் சொல்லவருவது. கீழே ஒரு வரி: "விஞ்ஞானிகள் மறைக்கிறார்கள், இந்த ஆப்பைப் போனில் போட்டுக்கொள்ளுங்கள்."

யாரும் மறைக்கவில்லை. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் ஃப்ரேசர்-ஸ்மித் குழு 1990-லேயே அதை வெளியிட்டுவிட்டது. நடுக்க மையத்திலிருந்து 7 கிலோமீட்டரில் 0.01 முதல் 10 ஹெர்ட்ஸ் வரை அளந்துகொண்டிருந்த கருவி அது. அக்கறையோடு பார்க்க வேண்டிய பதிவுதான். பார்த்தார்கள். தாமஸ், லவ், ஜான்ஸ்டன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1989 ஜனவரி தொடங்கி 21 மாதப் பதிவு முழுவதையும், கருவியைப் பராமரித்தவர்களின் குறிப்பேட்டையும் எடுத்து, ஜப்பான், ஃப்ரெஸ்னோ பதிவுகளோடு ஒப்பிட்டு 2009-ல் முடிவைச் சொன்னார்கள். அந்தக் கோட்டின் அடிமட்டம் நிலநடுக்கத்துக்கு வெகு முன்பும் பின்பும்கூடத் தாவியிருக்கிறது. கருவிக் கோளாறு என்பது அவர்கள் முடிவு. சுற்றில் இருக்கும் படத்திலோ வசதியான வாரங்கள் மட்டும் வெட்டி ஒட்டப்பட்டிருக்கின்றன.

இப்போது அந்த ஆப். போனின் காந்த உணரியை வைத்தே நிலநடுக்கத்தை முன்கூட்டிச் சொல்வதாகத்தான் அதைப் பரப்புகிறார்கள். சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் பூமியின் காந்தப்புலம் சுமார் 48,000 நானோடெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் அலகு). முன்னறிகுறி என்று பேசப்படுபவை பெரும்பாலும் ஒருசில நானோடெஸ்லா, பல சமயம் ஒன்றுக்கும் கீழே. போனில் இருக்கும் காந்த உணரி பலவற்றில் அளக்கக்கூடிய மிகச் சிறிய படியே 150 நானோடெஸ்லா! போனின் ஸ்பீக்கரிலேயே காந்தம் இருக்கிறது. உறையின் மூடியில் இன்னொன்று. மேசைக்கடியில் இரும்புக்கால் இருந்தாலும் முள் திரும்பும், வாசலில் கார் வந்து நின்றாலும் திரும்பும். தயவுசெய்து அதைப் பார்த்துப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நடுராத்திரியில் தெருவுக்கு ஓடாதீர்கள்.

"நிலநடுக்கத்துக்கு முன்னால் ரேடியோ கரகரத்தது, டவர் போனது" என்பதும் இதே கதைதான். 100 ஓம்-மீட்டர் மின்தடையுள்ள பாறையில் 1,000 ஹெர்ட்ஸ் அலை ஒவ்வொரு 160 மீட்டருக்கும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும். லோமா பிரியட்டாவில் பாறை உடையத் தொடங்கியது 18 கிலோமீட்டர் ஆழத்தில். அங்கிருந்து ரேடியோ அலை மேலே வரவே வராது. 0.01 ஹெர்ட்ஸுக்கு அந்த 160 மீட்டர் 50 கிலோமீட்டராகிவிடுகிறது. அதனால்தான் இதை அளக்கும் வேலையில் இருக்கும் நாங்கள் அந்த அலைவரிசைக்கான கம்பிச்சுருளைப் புதைத்துவைக்கிறோம். ஆனால் சூரியக்காற்றின் துடிப்பும் அதே இடத்தில்தான் விழுகிறது. நேர்மின்னோட்டத்தில் ஓடும் விரிகுடாப் பகுதியின் பார்ட் மின்ரயிலின் காந்த இரைச்சலும் அங்கேதான். ரயில்கள் நிற்கும் பின்னிரவில்தான் கோடு அடங்கும்.

ஆராய்ச்சியே வீண் என்று சொல்லவில்லை. பிரெஞ்சு டெமெட்டர் செயற்கைக்கோளின் பதிவுகளில், ஆயிரக்கணக்கான நிலநடுக்கங்களைச் சேர்த்துச் சராசரி எடுத்தபோது, இரவில் சுமார் 1,700 ஹெர்ட்ஸில் அலையின் வலிமை நிலநடுக்கத்துக்கு முந்தைய சில மணி நேரத்தில் சற்றுக் குறைந்தது தெரிந்தது. சராசரியில் தெரிவதை வைத்து நாளை எந்த ஊர் ஆடும் என்று சொல்ல முடியாது. சுற்றிலும் கருவிகள் காத்திருந்த கலிபோர்னியாவின் பார்க்ஃபீல்டில் 2004 செப்டம்பர் 28-ல் 6.0 அளவு நிலநடுக்கம் வந்தது. நம்பத்தக்க காந்த முன்னறிகுறி எதுவும் பதிவாகவில்லை.

யாராவது வரைபடம் நீட்டினால் கேளுங்கள்: மற்ற மாதங்கள் எங்கே? தொலைவில் இருக்கும் நிலையம் அதே நிமிடத்தில் என்ன காட்டியது? இப்படி ஏறியும் நிலம் ஆடாத நாட்கள் எத்தனை?

ஆப் வேண்டுமானால், நிலநடுக்க எச்சரிக்கை தரும் மைஷேக் ஆப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். அது ஆரூடம் சொல்லாது; பாறை உடைந்த பிறகுதான் பேசும். 80 கிலோமீட்டர் தள்ளியிருந்தால் முதல் அலைக்கும் பலத்த அலைக்கும் இடையே சுமார் 10 விநாடி. மையத்துக்கு அருகில் இருந்தால் ஆட்டம் தொடங்கிய பிறகே எச்சரிக்கை வரலாம். சத்தம் கேட்டதும் மேசைக்கடியில் நுழைந்து அதன் காலைப் பிடித்துக்கொள்ளுங்கள். வெளியே ஓடாதீர்கள்.

வாட்டர் ஹீட்டரை இந்த வாரமே சுவரோடு பட்டை போட்டுக் கட்டுங்கள். 40 காலன் தொட்டியில் தண்ணீர் மட்டுமே 150 கிலோ. அது சாய்ந்தால் கேஸ் குழாயையும் பிடுங்கிக்கொண்டு சாயும். பட்டை இரண்டு வேண்டும்: மேல் மூன்றில் ஒரு பகுதியில் ஒன்று, கீழ்ப்பகுதியில் ஒன்று. கீழ்ப்பட்டை ஹீட்டரின் கட்டுப்பாட்டுத் திருகுக்கு 10 சென்டிமீட்டராவது மேலே இருக்கட்டும். சுவரின் ஜிப்சம் பலகையில் திருகினால் முதல் உலுக்கலிலேயே பிய்த்துக்கொண்டு வரும். உள்ளே இருக்கும் மரச்சட்டத்தில் திருகுங்கள். கேஸ் வாடை வந்தாலோ சீறும் சத்தம் கேட்டாலோ மட்டும் மீட்டர் வால்வை மூடுங்கள். மூடியதை நீங்களே திறக்கக் கூடாது, கேஸ் நிறுவனத்து ஆள்தான் திறக்க வேண்டும். வால்வை மூடுவதற்கான ஸ்பேனரை மீட்டருக்குப் பக்கத்திலேயே கட்டித் தொங்கவிடுங்கள். இருட்டில் கராஜைத் துழாவ நேரம் இருக்காது.