வாய்ப்புற்று வைத்தியத்தில் கொழுப்பு மாத்திரையை என்ன செய்வது?

முக்கூடல், மேலப்பாளையம், அம்பாசமுத்திரம் பக்கமிருந்து வாய்ப்புற்றோடு வருகிறவர்களில் பலருக்குப் புற்று மட்டும் இருப்பதில்லை. வெற்றிலையோடு போயிலையைக் கன்னத்தில் அடக்கியும் பீடி குடித்தும் கழிந்த நாற்பது வருடம் வாயை மட்டுமா கெடுக்கும்? சர்க்கரை, பிரஷர், சிலருக்கு நெஞ்சில் ஸ்டென்ட் என்று எல்லாம் சேர்ந்தே வரும். கொண்டுவரும் மஞ்சப்பையில் கொழுப்பு மாத்திரையான அடோர்வாஸ்டாட்டினோ ரோசுவாஸ்டாட்டினோ ஒரு அட்டை கிடக்கும். வாய்க்கு வைத்தியம் தொடங்கியதும் வீட்டார் முதலில் நிறுத்துவது அதைத்தான். “சோறே இறங்கல, கொழுப்பு எங்கிருந்து வரும்?” என்பார்கள்.

பட்டினியிலும் எடைக்குறைவிலும் ரத்தக் கொலஸ்ட்ரால் இறங்கத்தான் செய்யும். ஆனால் ஸ்டென்ட் வைத்தவருக்கு இந்த மாத்திரை ரிப்போர்ட்டில் உள்ள எண்ணுக்காக மட்டும் தரப்படுவதில்லை. ரத்தக்குழாய்ச் சுவரில் படிந்த கொழுப்புத் திட்டு வெடித்து அடைப்பு உண்டாகாமல் காப்பது அதன் வேலை. போதாததற்கு, கழுத்தில் கரண்ட் (கதிர்வீச்சு) வைக்கும்போது மூளைக்குப் போகும் கரோட்டிட் குழாயும் கதிர் படும் இடத்திலேயே இருக்கிறது. வருடங்கள் கழித்து அது சுருங்கிப் பக்கவாதம் வரும் வாய்ப்பு கூடுகிறது. ஆகவே வீட்டில் முடிவெடுத்து நிறுத்தக் கூடாது. ஆபரேஷனுக்காகக்கூட இதை வழக்கமாக நிறுத்துவதில்லை.

இதற்கு நேர் எதிரான பேச்சும் உண்டு: ‘கொழுப்பு மாத்திரை புற்றைக் கரைக்கும்.’ இந்தப் பேச்சுக்கு ஒரு அடிப்படை இருக்கிறது. 1970களில் ஜப்பானிய விஞ்ஞானி அகிரா எண்டோ ஒரு பூஞ்சையிலிருந்து பிரித்த பொருளில் தொடங்கிய ‘ஸ்டாட்டின்’ என்னும் மருந்துக் குடும்பம் இது. கல்லீரல் கொலஸ்ட்ரால் செய்யும் பாதையை இது அடைக்கிறது. செல்லை வளரச் சொல்லும் ராஸ், ரோ போன்ற புரதங்கள் செல் சவ்வில் ஒட்டிக்கொள்ளத் தேவையான பசையும் அதே பாதையில்தான் தயாராகிறது. அதனால் ஆய்வகத் தட்டில் ஸ்டாட்டின் ஊற்றினால் புற்றுசெல்கள் சாகின்றன. ஆனால் அங்கே ஊற்றும் அளவு, மாத்திரை விழுங்குபவர் ரத்தத்தில் சேரும் அளவைவிடப் பெரும்பாலும் பல மடங்கு.

நோயாளிகளின் பழைய பதிவேடுகளைப் புரட்டிய சில ஆய்வுகளில், ஸ்டாட்டின் போட்டவர்கள் கூடுதல் காலம் வாழ்ந்ததாகத் தெரிகிறது. இங்கே ஒரு கணக்குப் பொறி இருக்கிறது. ‘நோய் தெரிந்தபின் மாத்திரை வாங்கியவர்கள்’ என்று ஒரு கூட்டத்தைப் பிரித்தால், வாங்கிய நாள்வரை அவர்கள் உயிரோடு இருந்தாக வேண்டும். வாங்கும் முன்பே இறந்தவர் அந்தக் கூட்டத்தில் சேரவே முடியாது. மாத்திரை ஒன்றும் செய்யாவிட்டாலும் அந்தக் கூட்டம் நீடித்து வாழ்ந்ததாகவே காட்டும். இன்னொன்று, மேலைநாட்டுத் ‘தலை, கழுத்துப் புற்று’ கணக்கில் ஹெச்பிவி வைரஸால் வரும் தொண்டைப் புற்று நிறைய. அது வைத்தியத்துக்கு நன்றாகவே இணங்கும். போயிலையால் நம்மூர்க் கன்னத்தில் வருவது வேறு சாதி. நோயாளிகளைச் சீட்டுப் போட்டு இரண்டு கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்கு மட்டும் மாத்திரை கொடுத்துப் பார்க்கும் சோதனைகள் உறுதி சொல்லாதவரை, புற்றுக்கென்று இதைப் புதிதாகத் தொடங்க வேண்டியதில்லை.

ஏற்கெனவே போடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. கரண்ட் தொடங்கி இரண்டு மூன்று வாரத்தில் வாய் வெந்து, நாக்கில் வெள்ளைப் பூஞ்சை படரும். அதற்கு ஃபுளுகோனசோல் எழுதுவார்கள். இது அடோர்வாஸ்டாட்டின், சிம்வாஸ்டாட்டின் இரண்டையும் உடம்பிலிருந்து வெளியேற விடாமல் தேக்கும். சிம்வாஸ்டாட்டினோடு இட்ராகோனசோல் என்ற இன்னொரு பூஞ்சை மருந்தும், கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்குகளும் சேரவே கூடாது. தேங்கினால் தொடையும் தோளும் வலிக்கும். ‘கரண்ட் வச்ச அசதி’ என்று விட்டுவிடுவார்கள். சிறுநீர் கருப்பட்டிக் காப்பி நிறத்தில் போனால் தசை கரைவதன் அறிகுறியாக இருக்கலாம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பூஞ்சை மருந்து எழுதும்போதே கொழுப்பு மாத்திரை அட்டையைக் காட்டிவிட்டால், அந்த நாட்களுக்கு மட்டும் நிறுத்தவோ மாற்றவோ டாக்டர் சொல்லிவிடுவார். சிஸ்பிளாட்டின் என்ற புற்று மருந்தை ஏற்றி, வாந்தியெடுத்துத் தண்ணீரும் இறங்காமல், சிறுநீரகம் தளர்வதைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தத்தில் ஏறினால் ரோசுவாஸ்டாட்டின் அளவையும் குறைக்க வேண்டியிருக்கும்.

மூக்குக் குழாய் போட்டவருக்கு அடோர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின் சாதா மாத்திரைகளை நைசாகப் பொடித்து, 15 முதல் 30 மி.லி. ஆறவைத்த வெந்நீரில் கலந்து விடலாம். முன்னும் பின்னும் 30 மி.லி. தண்ணீர் விட வேண்டும். கஞ்சியில் கலந்தால் குழாய் அடைக்கும், எவ்வளவு மருந்து உள்ளே போனது என்றும் தெரியாது. ஜெலுசில் போன்ற அமிலம் முறிக்கும் மருந்து கொடுத்தால், ரோசுவாஸ்டாட்டினுக்குப் பிறகு இரண்டு மணி நேரம் கழித்தே கொடுக்க வேண்டும்.

அதிகம் தவறு நடப்பது கூட்டுக் கேப்ஸ்யூலில். ரோசுவாஸ்டாட்டின், ரத்தம் இளக்கும் ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் மூன்றும் ஒன்றாக அடைத்தது பல பேரிடம் இருக்கும். ஆபரேஷனுக்கு முன் ‘ரத்தம் இளக்கும் மாத்திரையை நிறுத்துங்கள்’ என்றதும் கேப்ஸ்யூலையே நிறுத்திவிடுவார்கள், கொழுப்பு மருந்தும் சேர்ந்து போய்விடும். குழாய் போட்டபின் அதை உடைத்துப் பொடித்து விடுகிறவர்களும் உண்டு, அதில் உள்ள ஆஸ்பிரின் பூச்சு போட்டது, பொடிக்கக் கூடாதது. மூன்றையும் தனித்தனி மாத்திரையாக எழுதித் தரும்படி இதய டாக்டரிடம் கேட்டு வாங்கி, அந்தச் சீட்டைப் புற்றுநோய் டாக்டரிடம் காட்டுங்கள். ஸ்டென்ட் வைத்த தேதியும் அதில் இருக்கட்டும், எந்த மாத்திரையை எத்தனை நாள் நிறுத்தலாம் என்பதை அந்தத் தேதியைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.