குரூஸ் பயணத்தின் நடுவே ரெக் டைவிங்: கடிகாரம் துரத்தும்போது கடலுக்குள் இறங்காதீர்கள்

காலை 8 மணிக்குக் கப்பல் கரைக்கு வரும், மாலை 4 மணிக்குக் கிளம்பும் என்று பயணத் திட்டத்தில் போட்டிருக்கும். எட்டு மணி நேரம் இருக்கிறதே, மூழ்கிக் கிடக்கும் கப்பலை நீருக்கடியில் போய்ப் பார்க்கும் ‘ரெக் டைவ்’ இரண்டு தாராளமாகப் போடலாம் என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். குரூஸ் பயணிகளைக் கூட்டிப்போகும் டைவிங் பயிற்சியாளன் என்ற முறையில் நான் முதலில் செய்வது அந்த எட்டிலிருந்து கழிக்கத் தொடங்குவதுதான்.

துறைமுக அனுமதி கிடைத்து ஆட்களை இறங்க விடவே அரை மணி, சில நாள் முக்கால் மணி ஆகும். கரீபியனில் உள்ள கிராண்ட் கேமன் தீவு போன்ற இடங்களில் பெரிய கப்பல் கரையை ஒட்டி நிற்காது. கடலில் நங்கூரம் போட்டுவிட்டு டெண்டர் என்னும் சிறிய படகில்தான் ஆட்களைக் கொண்டுவந்து விடுவார்கள். அதற்கு ஒரு வரிசை, திரும்பும்போது இன்னொரு வரிசை. 4 மணிக்குக் கிளம்புகிற கப்பலில் எல்லோரும் 3.30-க்கே, சிலவற்றில் அதற்கும் முன்பே ஏறியிருக்க வேண்டும். இதற்கு நடுவில் டைவ் சென்டருக்குப் போய்ச் சேர வேண்டும், படிவம் நிரப்ப வேண்டும், உபகரணம் பொருத்திப் பார்க்க வேண்டும், படகில் போக வேண்டும். இரண்டு டைவ்களுக்கு நடுவே மேலே ஒரு மணி நேரமாவது ஓய்வும் வேண்டும். இதெல்லாம் போக ஒன்றரை மணி நேரம் சும்மா மிச்சமிருந்தால் இரண்டு டைவ். இல்லாவிட்டால் ஒன்று போதும். பேச்சு வார்த்தையே கிடையாது.

கப்பலின் கடிகாரமும் ஊரின் கடிகாரமும் எப்போதும் ஒத்துப்போகாது என்பதும் நினைவிருக்கட்டும். ஃபோன் தானாக உள்ளூர் நேரத்துக்கு மாறிவிடும், கப்பலோ தன் நேரத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். முன்பதிவு செய்யும்போதே இரண்டு நேரத்தையும் எழுதிக் கேட்டு வாங்குங்கள்.

நேரத்தைப் பற்றி இவ்வளவு பேசுவது கப்பலைத் தவறவிடுவீர்களே என்பதற்காக மட்டும் இல்லை. கப்பலைத் தவறவிட்டால் பணம் போகும், அவ்வளவுதான். அவசரத்தோடு தண்ணீருக்குள் போவதுதான் ஆபத்து. காது அடைப்பை நிதானமாகச் சரிசெய்யாமல் விறுவிறுவென்று இறங்குவார்கள். மூச்சு வேகமாக வாங்குவதால் சிலிண்டரில் காற்று சீக்கிரம் தீரும். மேலே வரும்போது நிமிடத்துக்கு 9 மீட்டருக்குள் ஏற வேண்டும், 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடம் நிற்க வேண்டும். அவசரக்காரர் முதலில் வெட்டுவது இந்த நிறுத்தத்தைத்தான். அதனால் எதைக் கைவிடப் போகிறோம் என்பதைப் படகு கிளம்பும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். படகு தாமதமானால் இரண்டாவது டைவ் ரத்து. தண்ணீருக்கு அடியில் போய் இந்த முடிவை எடுக்க முடியாது.

கப்பல் நிறுவனமே விற்கும் டைவிங் சுற்றுலாவா, நாமே டைவ் சென்டரில் பதிவு செய்வதா என்று நிறைய பேர் கேட்கிறார்கள். கப்பல் மூலம் போனால், அந்தக் குழு தாமதமானாலும் பொதுவாகக் காத்திருப்பார்கள், அல்லது அடுத்த துறைமுகத்துக்கு அனுப்பிவைப்பார்கள். தனியாகப் போனவருக்கு அந்தச் சலுகை கிடையாது. ஆனால் கப்பல் விற்பது பெரும்பாலும் எல்லோருக்கும் பொதுவான பவளப்பாறை டைவ்தான். டெண்டர் துறைமுகமாக இருந்தாலோ, நிற்கும் நேரம் ஆறு மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தாலோ கப்பலின் சுற்றுலாவே நல்லது என்பேன். மற்றபடி நேரடிப் பதிவில் குழு சிறியதாக இருக்கும், நீங்கள் விரும்பும் மூழ்கிய கப்பலையும் தேர்ந்தெடுக்கலாம். குரூஸ் கப்பல் அந்தத் துறைமுகத்துக்கே வராமல் போனால் பணம் திரும்பக் கிடைக்குமா என்பதை மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். வானிலை கெட்டால் துறைமுகத்தைத் தாண்டிப் போய்விடுவது சாதாரணமாக நடப்பதுதான்.

சரி, மூழ்கிய கப்பல்களில் எதற்குப் போவது? பிரபலமான பெயரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சைப்ரஸில் 1980-ல் மூழ்கிய ஜெனோபியா கிடப்பது லார்னகாவுக்குப் பக்கத்தில். குரூஸ் கப்பல்கள் பெரும்பாலும் நிற்பது லிமசோலில். சாலையில் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். அடி ஆழமோ 42 மீட்டர். செங்கடலில் மூழ்கிக் கிடக்கும் திஸில்கோர்ம் கப்பலுக்கு ஷார்ம் எல் ஷேக்கிலிருந்து போவதென்றால் விடியும் முன்பே கிளம்ப வேண்டிய முழுநாள் பயணம், ஒரு பகல் மட்டும் நிற்கும் குரூஸுக்கு ஒத்துவராது. கரீபியன் தீவான குராசாவில் இன்னொரு வேடிக்கை. 1977-ல் மூழ்கிய சுப்பீரியர் புரொட்யூசர் கப்பல் வில்லம்ஸ்டாட் துறைமுகத்துக்கு வெளியே, குரூஸ் கப்பல் நிற்கும் மேடைக்குக் கூப்பிடு தூரத்தில் கிடக்கிறது. ஆனால் அந்த மேடையில் பெரிய கப்பல் நிற்கும்போது அங்கே டைவ் செய்ய முடியாது. நீங்கள் வந்த கப்பலே வழியை மறித்து நிற்கும்!

குறுகிய நேரத்துக்கு ஏற்றவையும் இருக்கின்றன. கிராண்ட் கேமனில் 2011-ல் டைவிங்குக்காகவே சுத்தம் செய்து மூழ்கடிக்கப்பட்ட கிட்டிவேக் கரைக்குப் பக்கத்திலேயே, சுமார் 20 மீட்டர் ஆழத்துக்குள் இருக்கிறது. கரீபியன் தீவான அரூபாவில் 1940-ல் அதன் மாலுமிகளே மூழ்கடித்த ஜெர்மன் சரக்குக் கப்பல் அன்டிலா இன்னும் ஆழம் குறைவு. மெக்சிகோவின் கோஸுமெல் தீவில் 2000-ல் கடலுக்குள் இறக்கிய சி-53, ஒரு பழைய கண்ணிவெடி அகற்றும் கப்பல். சுமார் 24 மீட்டர் ஆழத்தில் மணலில் நிற்கிறது. அங்கே நீரோட்டம் பலமாக இருக்கும். தொடக்க நிலை டைவிங் சான்றிதழான ஓப்பன் வாட்டர் 18 மீட்டர் வரைக்கும், அடுத்த நிலையான அட்வான்ஸ்டு 30 மீட்டர் வரைக்கும்தான். ‘கொஞ்சம் ஆழம் கூட, பரவாயில்லை, வாங்க’ என்று ஒரு சென்டர் சொன்னால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள்.

மூழ்கிய கப்பலுக்குள்ளே நுழைவது தனிக் கதை. வெளியே சுற்றிப் பார்க்கும் வரை தலைக்கு மேலே கடல் மட்டும்தான், ஏதாவது ஆனால் மேலே போகலாம். உள்ளே போய்விட்டால் தலைக்கு மேலே இரும்பு. காலில் மாட்டியிருக்கும் ஃபின் ஒரு தடவை தரையில் பட்டால் வண்டல் கிளம்பி, பிடித்திருக்கும் டார்ச்சே கண்ணுக்குத் தெரியாமல் போகும். கிட்டிவேக்கை 2017-ல் ஒரு புயல் ஒரு பக்கமாகச் சாய்த்துவிட்டது. அதற்கு முன் எடுத்த வீடியோக்களைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் உள்ளே தரை எது, சுவர் எது என்று திணறுவதைப் பார்த்திருக்கிறேன். ஃப்ளோரிடாவின் கீ லார்கோவில் இருக்கும் ஸ்பீகல் குரோவும் டைவிங்குக்காகவே மூழ்கடித்த கப்பல்தான். 2007 மார்ச்சில் அதற்குள் போன மூன்று டைவர்கள் உயிரோடு திரும்பவில்லை. கப்பலுக்குள் போவதற்கென்றே பயிற்சி, வழிகாட்டிக் கயிறு, டார்ச், போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, ஆபத்துக்கு ஒரு பங்கு என்ற காற்றுக் கணக்கு, இவ்வளவும் இல்லாமல் உள்ளே போகக் கூடாது. குரூஸ் நிற்கும் பகலில் இவை நான்கும் சேர்ந்து அமைவது அபூர்வம். வெளியிலேயே பாருங்கள். வெளியே பார்க்கவே ஒரு டைவ் போதாது.

கரையில் வந்து ஏமாந்து திரும்புகிறவர்களில் நிறைய பேருக்குக் காரணம் ஒரு காகிதம். டைவ் சென்டர்கள் கொடுக்கும் உடல்நலப் படிவத்தில் ஆஸ்துமா, இதயக் கோளாறு, சர்க்கரை நோய் போன்றவற்றுக்கு ‘ஆம்’ என்று எழுதினால் மருத்துவர் கையெழுத்து வேண்டும். அதை அந்தக் காலை நேரத்தில் எங்கே தேடுவது? படிவத்தை முன்பே வாங்கி, தேவைப்பட்டால் ஊரிலேயே கையெழுத்து வாங்கிவிடுங்கள். தயவுசெய்து பொய்யாக ‘இல்லை’ என்று எழுதாதீர்கள். கடல் குமட்டலுக்குப் போடும் மாத்திரைகள் சில தூக்கம் வரவைக்கும். அதை டைவ் அன்றைக்கு முதல் முறையாகப் போட்டுப் பார்க்க வேண்டாம். முந்தைய இரவு மது வேண்டாம். ஒரு வருடமாகத் தண்ணீரில் இறங்கவில்லை என்றால், முதல் டைவ் மூழ்கிய கப்பலில் வேண்டாம். அப்புறம், மாஸ்க்கும் டைவ் கம்ப்யூட்டரும் சொந்தமாக இருந்தால் கொண்டுவாருங்கள். டைவிங் கத்தியைப் பல கப்பல்களில் ஏறும்போதே வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

டைவ் முடிந்த பிறகுதான் பலர் அசட்டையாக இருக்கிறார்கள். உடலில் சேர்ந்த நைட்ரஜன் வெளியேற நேரம் வேண்டும். விமானம் ஏறுவதற்கு முன் ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், ஒன்றுக்கு மேல் என்றால் 18 மணி நேரம் இடைவெளி விட வேண்டும் என்பது டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் அமைப்பின் பரிந்துரை. பயணத்தின் கடைசித் துறைமுகத்தில் மதியம் டைவ் செய்துவிட்டு மறுநாள் அதிகாலை விமானம் பிடிப்பவர் இந்தக் கணக்கைப் போட்டே ஆக வேண்டும். விமானம் மட்டும் இல்லை, மலையும் அப்படித்தான். ஹவாயின் மாவி தீவில் காலையில் டைவ், மதியம் 3,055 மீட்டர் உயர ஹலேயாகலா உச்சி என்று ஒரே நாளில் திட்டம் போட்டுக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. ஹெலிகாப்டர் சுற்றுலாவும் இதே வகைதான்.

மாலையில் கப்பல் கிளம்பிவிடும். உடலில் சேர்ந்த நைட்ரஜன் குமிழிகளாவதால் வரும் டிகம்ப்ரஷன் நோயின் அறிகுறிகள் பெரும்பாலும் முதல் சில மணி நேரத்துக்குள் தெரியவரும், அதாவது நீங்கள் நடுக்கடலில் இருக்கும்போது. மூட்டு வலி, மரத்துப்போதல், தோலில் தடிப்பு, தலைச்சுற்றல், காரணமில்லாத அசதி. இவற்றைக் கடல் குமட்டல், வெயிலில் அலைந்த களைப்பு என்று நினைத்துப் படுத்துவிடுவது சுலபம். குரூஸ் கப்பல் மருத்துவமனையில் ஆக்சிஜன் இருக்கும், இந்த நோய்க்கான அழுத்த அறை பொதுவாக இருக்காது. அதற்குக் கரைக்குத்தான் கொண்டுபோக வேண்டும், செலவு பெரியது. சாதாரணப் பயணக் காப்பீட்டில் டைவிங் அடங்காமலும் இருக்கலாம். பாலிசியைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள்.

அறிகுறி தெரிந்தால் காலை வரை காத்திருக்க வேண்டாம். உடனே கப்பல் மருத்துவரிடம் போய், கேட்பதற்கு முன்பே ‘இன்றைக்கு ஸ்கூபா டைவ் செய்தேன்’ என்று சொல்லுங்கள். எத்தனை டைவ், எவ்வளவு ஆழம், கடைசியாக எத்தனை மணிக்கு மேலே வந்தீர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். நினைவில்லை என்றால் டைவ் கம்ப்யூட்டரைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள், எல்லாம் அதில் பதிவாகியிருக்கும்.