ஜிலோவில் விமானம் தாமதமானால்: "இராணுவக் காரணம்" எதைப் பறிக்கும், எதைப் பறிக்காது

சேந்த்-மரியில் உள்ள ரோலான் கரோஸ் விமான நிலையத்துக்கு, இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரீயூனியனில் இன்றும் ஜிலோ என்றுதான் பேர். பாரிஸுக்கும் சென்னைக்கும் விமானம் ஏறும் அதே இரண்டு ஓடுபாதைகளில்தான் பிரெஞ்சு விமானப்படையின் 181-ஆம் தளத்தைச் சேர்ந்த காசா (CASA) ரகப் போக்குவரத்து விமானங்களும் ஏறி இறங்குகின்றன. அதனால் தாமதத்துக்குக் காரணம் கேட்டால், "ஓடுபாதை இராணுவத்துக்குத் தேவைப்பட்டது" என்ற பதில் கவுண்டரில் வரக்கூடும். அதைக் கேட்டதும் பேசாமல் பெட்டியை எடுத்துக்கொண்டு வீடு திரும்ப வேண்டியதில்லை. அந்தக் காரணம் உண்மையாகவே இருந்தாலும் உங்கள் உரிமைகளில் ஒன்றுதான் போகும்.

ரீயூனியன் ஐரோப்பிய ஒன்றியத்தின் பகுதி. ஆகவே விமானப் பயணிகளின் உரிமைகளைச் சொல்லும் 261/2004 என்ற ஐரோப்பிய விதி இங்கும் செல்லும். ஜிலோவிலிருந்து புறப்படும் விமானம் எந்த நாட்டு நிறுவனத்துடையதானாலும் விதி பொருந்தும். வெளிநாட்டிலிருந்து ஜிலோவுக்கு வரும்போது மட்டும் அது ஏர் ஒஸ்ட்ரால் போன்ற ஐரோப்பிய நிறுவனமாக இருக்க வேண்டும். மொரீஷியஸுக்கு ஏர் மொரீஷியஸில் போகும்போது உள்ள பாதுகாப்பு, அதே நிறுவனத்தில் திரும்பும்போது இல்லை. இது பலருக்கும் தெரிவதில்லை.

போய்ச் சேர்வது 3 மணி நேரம் அல்லது அதற்கு மேல் தாமதமானால் நஷ்டஈடு உண்டு. சக்கரம் தரையைத் தொட்ட நேரம் கணக்கில்லை. விமானத்தின் கதவு திறந்த நேரம்தான் கணக்கு. அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மொரீஷியஸுக்கும் இன்னொரு பிரெஞ்சுத் தீவான மயோத்துக்கும் 250 யூரோ. பாரிஸ் 9,000 கிலோமீட்டருக்கு மேல் என்றாலும் ஒன்றியத்துக்கு உள்ளேயே நடக்கும் பயணம் என்பதால் 400 யூரோதான். அதில் பாதித் தூரம்கூட வராத சென்னைக்கோ 600 யூரோ! கேட்க வேடிக்கையாக இருக்கும், ஆனால் விதி அப்படித்தான். சென்னைக்குத் தாமதம் 4 மணி நேரத்துக்குள் என்றால் மட்டும் அது 300 ஆகும். தொகை தலைக்கு இவ்வளவு என்று கணக்கு. கல்யாணத்துக்குப் போகும் நால்வர் குடும்பத்துக்கு 2,400 யூரோ வரை வரும். வழியில் விமானம் மாறினாலும், எல்லாம் ஒரே முன்பதிவில் இருந்தால் முழுப் பயணமும் ஒன்றாகவே கணக்கிடப்படும். தனித்தனியாக டிக்கெட் வாங்கியவர்களுக்கு இது கிடையாது.

விமானம் ரத்தானாலும் இதே தொகைதான், ஆனால் 14 நாளுக்கு முன்பே தெரிவித்துவிட்டால் நஷ்டஈடு இல்லை.

இப்போது இராணுவத்துக்கு வருவோம். புயல், பாதுகாப்பு ஆணை, அதிகாரிகள் ஓடுபாதையை மூடுவது போன்றவற்றை விதி "அசாதாரண சூழ்நிலை" என்கிறது. அப்போது நஷ்டஈடு போய்விடும். போவது அது மட்டும்தான். சாப்பாடு, இரண்டு தொலைபேசி அழைப்பு, இரவு தங்க நேர்ந்தால் ஹோட்டல், அங்கே போய்வர வண்டி எல்லாம் நிறுவனத்தின் பொறுப்பாகவே இருக்கும். பாரிஸ் விமானத்துக்கு 3 மணி நேரத் தாமதத்திலிருந்தும், சென்னை விமானத்துக்கு 4 மணி நேரத்திலிருந்தும் சாப்பாட்டுக் கடமை தொடங்கும். அவர்கள் தராவிட்டால் நீங்களே செலவழித்து ரசீதைக் காட்டலாம். நியாயமான செலவாக இருக்க வேண்டும், கடலோர சொகுசு விடுதி கணக்கில் வராது.

காரணத்தை நிரூபிக்க வேண்டியது நிறுவனம். ஓடுபாதை 40 நிமிடம் மூடியிருக்க, விமானம் 9 மணி நேரம் கழித்துக் கிளம்பியது என்றால் மீதி நேரத்துக்கும் அவர்கள்தான் கணக்குச் சொல்ல வேண்டும். இயந்திரக் கோளாறு பொதுவாக அசாதாரணம் ஆகாது. நிறுவனத்தின் சொந்த ஊழியர்கள் செய்யும் வேலைநிறுத்தமும் அப்படியே.

2024 டிசம்பர் 14 அன்று சிதோ புயல் மயோத்தைத் தாக்கியபோது அங்குள்ள விமான நிலையம் பயணிகளுக்கு மூடப்பட்டது. ரீயூனியனிலிருந்து இராணுவ விமானங்கள் நிவாரணம் கொண்டு போயின. இப்படிப்பட்ட நேரத்தில் இராணுவ விமானத்தில் இலவசமாக ஏற்றிவரப்பட்டவருக்கு அந்தப் பயணத்தின் மேல் எந்த உரிமையும் இல்லை, ஏனெனில் விதி இலவசப் பயணத்துக்குப் பொருந்தாது. ஆனால் ரத்தான பழைய டிக்கெட்டின் பணம் அவருடையதே. 7 நாளுக்குள் அதைத் திருப்பித் தர வேண்டும். வவுச்சரை நீட்டினால், கையெழுத்திட்டுச் சம்மதித்தால் மட்டுமே அது செல்லும். தைப்பூசக் காவடி புயல் பருவத்தில்தான் வருகிறது. ஊர் உறவினரை அழைப்பவர்கள் இதை முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.

கோரிக்கையை முதலில் விமானத்தை இயக்கிய நிறுவனத்துக்கே எழுத்தில் அனுப்ப வேண்டும். டிக்கெட் விற்ற ஏஜென்சிக்கு எழுதினால் வாரக்கணக்கில் வீணாகும். முன்பதிவு எண், போர்டிங் பாஸ் நகல், கதவு திறந்த நேரம், ரசீதுகள், கேட்கும் தொகை, வங்கி விவரம் இவற்றை இணைக்கவும். "இராணுவக் காரணம்" என்று சொல்லப்பட்டிருந்தால், எந்த நேரம் முதல் எந்த நேரம் வரை என்பதை எழுத்தில் கேளுங்கள். 2 மாதத்தில் பதில் இல்லை, அல்லது மறுப்பு வந்தது என்றால், பிரான்ஸின் சுற்றுலா, பயண மத்தியஸ்தரிடம் இலவசமாக முறையிடலாம். அதன் பிறகுதான் நீதிமன்றம். புறப்பட்ட இடத்திலோ சேர்ந்த இடத்திலோ வழக்குத் தொடுக்கலாம். பிரெஞ்சுச் சட்டப்படி வழக்குக்கு 5 ஆண்டு அவகாசம் உண்டு, மத்தியஸ்தரிடம் போக மட்டும் நிறுவனத்துக்கு எழுதிய நாளிலிருந்து ஒரே ஆண்டு.