ஞாபக சக்திக்கு டானிக் கேட்டு வராதீர்கள்

பொதுத்தேர்வு நெருங்கினால் என் கிளினிக்கில் ஒரே கோரிக்கைதான்: "படிச்சதெல்லாம் மறந்துபோகுதாம் டாக்டர், ஞாபக சக்திக்கு ஏதாவது டானிக் எழுதிக் கொடுங்க." இந்த வாரமும் ஒரு பிளஸ் டூ மாணவி வந்தாள். இரவு ஒரு மணி வரை படிப்பு, நாலரைக்கு அலாரம். "அவளுக்கு அது பழகிடுச்சு" என்கிறார் அம்மா, பெருமையாக.

பழகாது அம்மா. எத்தனை பேரிடம் சொல்லியும் எடுபடவில்லை என்பதால் விரிவாகவே எழுதுகிறேன். அமெரிக்காவில் 2003-ல் வெளியான ஆய்வு ஒன்றில், நல்ல உடல்நலம் உள்ளவர்களை 14 நாட்கள் இரவுக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் தூங்கவிடவில்லை. நாளாக ஆக, கவனமும் நினைவும் சரிந்துகொண்டே போயின. ஒரு முழு இரவு கண்ணே மூடாதவர்களைப் போலத் தடுமாறும் அளவுக்கு வந்துவிட்டார்கள். அவர்களையே கேட்டால், முதல் சில நாட்களுக்குப் பிறகு தூக்கக் கலக்கம் பெரிதாகக் கூடவில்லை என்றார்கள். மூளை தளர்வது நிற்கவில்லை, அது தளர்கிறது என்ற உணர்வுதான் மங்கிப்போனது. நீங்கள் "பழகிடுச்சு" என்று சொல்வது இந்த நிலையைத்தான். உங்கள் மகள் தூங்குவதோ ஆறு மணி நேரம்கூட இல்லை.

பகலில் படிப்பது முதலில் மூளையில் ஹிப்போகேம்பஸ் என்ற சிறு பகுதியில் தங்குகிறது. ஆழ்ந்த தூக்கத்தில்தான் அது நிலையான நினைவாக உறுதிப்படுகிறது. அந்த நேரத்தை வெட்டிவிட்டுக் கூடுதலாக ஒரு பாடம் படித்து என்ன பயன்?

பதின்வயதினருக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும். மாலைக்குப் பிறகு காபி, டீ வேண்டாம். குடித்து ஐந்து மணி நேரம் ஆனாலும் கஃபீனில் ஏறக்குறைய பாதி உடலில் இருக்கும். செல்போன் படுக்கைக்கு வரக் கூடாது. மெடிக்கலில் நீங்களாகக் கேட்டுத் தூக்க மாத்திரை வாங்கவே வாங்காதீர்கள். பரீட்சைக்கு முந்தைய இரவிலாவது பிள்ளையைத் தூங்க விடுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. எட்டு மணி நேரம் படுத்தும் காலையில் அசதி, பகலில் மறதி, இரவில் பலத்த குறட்டை என்றால் தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறதா என்று பார்க்க வேண்டும். குறட்டையை யாரும் தாமாகச் சொல்வதில்லை, நான்தான் துணைவரிடம் கேட்டு வாங்குகிறேன்.

சில வாரங்கள் ஒழுங்காகத் தூங்கியும் மறதி குறையவில்லையா? அப்போது அழைத்து வாருங்கள். ரத்தசோகை, தைராய்டு, வைட்டமின் பி12 பார்ப்போம். மனச்சோர்வு இருக்கிறதா என்று பிள்ளையிடம் தனியாகப் பேசுவோம்.